இடது பாதம்: முப்பத்தொரு சதவீதம்

கண் விழிக்கும்போது அவனுக்குச் செருப்பில்லை.
ஆட்டம் அப்படித்தான் தொடங்கும்.
ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, நாலு தீக்குச்சி,
கண்ணுக்கெட்டிய வரை பனி.
நூறடி போவதற்குள்
திரையின் கீழ்மூலையில் ஒரு பாதம் சிவக்கிறது,
தபால்தலையில் கால்வாசி அளவு,
பக்கத்தில் ஓர் எண், இறங்கிக்கொண்டே.

மூஞ்சிக்கல்லில் மணி இரண்டே கால். ஆடி மழை.
ஏழாம் நம்பர் சாவி மட்டும்தான் ஆணியில் இல்லை.
காரைக்குடிக்காரர்கள். வெந்நீர் கேட்டுக் கேட்டு
பதினொன்றுக்கு ஓய்ந்தார்கள்.
மேசைக்கடியில் ஒற்றைக் கம்பி ஹீட்டர்,
காதில் ஜெரோம்.
அட்டுவம்பட்டி பங்க்கில் அவனுக்கும் இராத்திரி வேலை;
இந்நேரத்தில் எந்த வண்டி வரப்போகிறது.

'அண்ணே, கல்லுல கால வைக்காதீங்க.
பாசியாப் பாத்து மிதிங்க.
ரத்தம் சொட்டுச்சுன்னா ஓநாய் மோந்துக்கிட்டே வரும்.'

அவன் நொண்டுகிறான்.
ஒவ்வோர் அடிக்கும் பல்லிடுக்கில் ஒரு காற்று: ஸ்ஸ்.
எந்த ஊர்க்காரரோ ஒருவர் மைக் முன்னால் நின்று
கூலி வாங்கிக்கொண்டு இழுத்த மூச்சு.
அச்சு அசலாக இருக்கிறது.
(என்று நினைக்கிறேன்.)

சட்டையைக் கிழித்துக் கட்டுப் போடலாம்.
கிழித்தால் குளிர் ஏறும், கிழிக்காவிட்டால் சீழ் வைக்கும்.
ஒரு கையைக் கிழித்தேன். முப்பத்தொன்றில் நின்றது.
இதற்குமுன் பதினேழு முறை செத்திருக்கிறேன்:
குளிரில் ஒன்பது, பசியில் ஐந்து, காளான் தின்று மூன்று.
காலால் செத்ததில்லை.
கால் கொல்லாது. மெதுவாக்கும்,
மற்றவை வந்து சேரும்வரை.

போன மாதம்
ஆறாம் நம்பரைப் பெருக்கினேன், வெறுங்காலோடு,
தேனிலவு ஜோடி காலி செய்த அறை.
மூன்றாம் நாள் காலுறை கழலவில்லை. ஒட்டியிருந்தது.
அரசு ஆஸ்பத்திரியில் சகாயராணி சிஸ்டர்
இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார், ணங் என்று:
பச்சை வளையல் துண்டு, நகக்கண் அளவு,
அதிலும் ஒரு பொட்டு ஜிகினா.
'எத்தனை நாளா?'
'தெரியல சிஸ்டர்.'
'வலிக்கவே இல்லையா?'

கண்ணை மூடச் சொன்னார்.
தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலைத் தொடுவாராம்,
தொட்டதும் சொல்ல வேண்டுமாம்.
வெளியே யாரோ டோக்கனுக்குச் சண்டை போட்டார்கள்.
மழை விட்டுப் பிடித்தது.
பத்து இடம் தொட்டாராம். மூன்று சொன்னேன்.
அதில் ஒன்று குத்துமதிப்பு.

சர்க்கரை வந்து பதினோரு வருடம்.
இந்த மேசைக்கு வந்தும் அவ்வளவுதான்.
பதினாலு சாவிக்கும் நான் காவல்;
என் பாதத்துக்கு ஆளில்லை.

'அண்ணே! இங்க ஒருத்தன் வெறச்சுக் கிடக்கான்.
பூட்ஸு புதுசு. வாங்க, மாட்டிக்கங்க.'
அந்தக் காட்டில் எந்தக் காலணியும் எந்தக் காலுக்கும் சேரும்.
போட்டால் பாதம் வெள்ளையாகும், மூச்சு சீராகும்,
பிறகு வெறும் நடை.
நான் போகவில்லை.
ஓடைப்பக்கம், கூழாங்கல் பக்கம் திருப்பினேன்.
ஸ்ஸ். ஸ்ஸ்.
'என்னண்ணே, கிறுக்கா?'
'இருடா. கொஞ்சம் நடக்கட்டும்.'

இருபத்தெட்டு.
இருபத்தாறு.

கம்பளி கருகும் வாசனை மூக்குக்குத்தான் முதலில் வந்தது.
இழுத்துக்கொண்டேன். காலுறை நுனியில் காசளவு பழுப்பு.
தினமும் பார்க்கச் சொல்லி சிஸ்டர் வாங்க வைத்த
சவரக் கண்ணாடியை இழுப்பறையிலிருந்து எடுத்து
செல்போன் வெளிச்சத்தில் பிடித்தேன்.
உள்ளங்கால். வெளிறி, யாருடையதோ போல.
ஓரத்தில் எண் எதுவும் இல்லை.
விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்க்கிறேன்.
விரலுக்குத் தெரிகிறது.

காதில் ஜெரோம் கத்துகிறான். ஓநாய் வந்துவிட்டதாம்.
ஏழாம் நம்பரில் மணி.